ஓக்லஹோமா மருத்துவக் கஞ்சா: 2018ல் ஆமாம் சொன்ன ஊர் 2023ல் ஏன் இல்லை என்றது?

#1 செம்மண்காரன் (துல்சா, ஓக்லஹோமா)

வீடு வாங்கும் இழையில் டல்லாஸ் நண்பர் ஒருவர், "உங்கள் ஊரில் டீக்கடை மாதிரி கஞ்சாக்கடையாமே" என்று கிண்டல் செய்திருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அங்கே போட்டால் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் திட்டுவார்கள். அதனால் தனி இழை.

நான் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று கேட்ட மாநிலக் கேள்வி 788 வாக்கெடுப்புக்கு வந்தது 2018 ஜூன் 26. எனக்கு ஓட்டு இல்லை, வேடிக்கை பார்த்தவன்தான். இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஞாயிறு காலையில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கும், சர்ச் வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. குடியரசுக் கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்தும் மாநிலம். மருத்துவர் சங்கம், ஷெரீஃப்கள் சங்கம், வணிகர் சபை எல்லாரும் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் ஏறக்குறைய 57 விழுக்காடு பேர் ஆமாம் என்று போட்டார்கள்.

எப்படி என்று கேட்டால் என் பக்கத்து வீட்டுத் தாத்தாவைத்தான் காட்டுவேன். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து முதுகெலும்பு போனவர். பல வருடம் ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரை. அந்த மாத்திரையால் சொந்தத் தம்பி மகனைப் பறிகொடுத்தவர். மாத்திரை விற்ற கம்பெனிகள் மேல் மாநில அரசே வழக்குப் போட்டிருந்த நேரம் அது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் அவர் வீட்டுப் புல்வெளியில் "788க்கு ஆமாம்" பலகை முளைத்தது. அதற்குப் பக்கத்திலேயே குடியரசுக் கட்சி கவர்னர் வேட்பாளரின் பலகை. எனக்கு விசித்திரமாக இருந்தது, அவருக்கு இல்லை. "டாக்டர் கொடுத்ததுதான் எங்கள் குடும்பத்தைக் கொன்றது. செடி என்ன செய்துவிடும்?" என்றார். வாதமாகப் பார்த்தால் ஓட்டைதான். ஆனால் அந்த ஊரில் அந்த வருடம் அதற்கு எதிர்வாதம் எடுபடவில்லை.

பிறகு அவருக்கு முழங்கால் அறுவை நடந்தது. வண்டி ஓட்ட முடியாததால் ஒருமுறை நான்தான் டிஸ்பென்சரிக்கு (மருத்துவக் கஞ்சாக் கடை) கூட்டிப் போனேன். நோயாளி அட்டை இல்லாததால் எனக்கு உள்ளே அனுமதி இல்லை, முன்னறையில் உட்கார்ந்தேன். பழைய வங்கிக் கட்டடம், பணம் கட்டும் ஜன்னல் அப்படியே இருந்தது. மூலையில் ஒரு ஏ.டி.எம். கடன் அட்டை வாங்க மாட்டார்கள், ஏனென்றால் மத்தியச் சட்டத்தில் இது இன்னும் குற்றம், பெரிய வங்கிகள் பக்கத்தில் வராது. தாத்தா ஒரு டப்பா கஞ்சா மிட்டாயோடு வெளியே வந்தார். குழந்தைகள் திறக்க முடியாத மூடி. அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். மூட்டுவலிக்கு மருந்து வாங்கியவரால் அந்த விரல்களை வைத்துக்கொண்டு மூடியைத் திறக்க முடியவில்லை. காரில் உட்கார்ந்து நான்தான் திறந்து கொடுத்தேன். செயற்கை மாம்பழ வாசனை, அதற்கு அடியில் பச்சைத் தழை நாற்றம்.

அந்த மனிதரே 2023 மார்ச் 7 அன்று, கேளிக்கைக் கஞ்சாவையும் அனுமதிக்கக் கேட்ட மாநிலக் கேள்வி 820க்கு "இல்லை" என்று போட்டுவிட்டு வந்தார். 62 விழுக்காடு இல்லை. 77 கவுண்டியில் ஒன்றுகூட ஆமாம் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் மக்கள் மனசு மாறிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். எனக்கென்னவோ மனசு மாறவில்லை, அவர்கள் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்றுதான் படுகிறது.

#2 ஆற்றுக்கு அந்தப் பக்கம் (டல்லாஸ்)

கிண்டல் செய்தவன் நானேதான் அண்ணா 😀 விளக்கம் பாதியில் நிற்கிறதே. வேறு கேள்வி என்றால் என்ன கேள்வி?

#3 இரவுப்பணி (ஆர்லாண்டோ)

புற்றுநோய் வார்டில் பத்து வருடமாக நர்ஸ். எங்கள் மாநிலக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 57 விழுக்காட்டில் சட்டம் வந்தது. எங்களுக்கு 2014ல் 57.6 விழுக்காடு பேர் ஆமாம் என்றும் தோற்றது! ஃப்ளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 வேண்டும். அந்த இரண்டு வருட இடைவெளியில் என் வார்டில் எத்தனை பேர் "அந்த ஓட்டு என்ன ஆச்சு சிஸ்டர்" என்று கேட்டிருப்பார்கள் தெரியுமா. 2016ல் 71 விழுக்காட்டில் ஜெயித்தது. ஜெயித்த பிறகு சட்டமன்றம் 2017ல் புகைக்கத் தடை போட்டு வைத்தது, அது 2019ல்தான் நீங்கியது.

கீமோ எடுக்கும் நோயாளிக்கு வாந்தி நிற்காமல், சாப்பாட்டு வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, வழக்கமான மருந்து ஒன்றும் கேட்காத சிலர் இதை எடுத்து அரை தட்டு சாதம் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் இல்லை. சிலருக்குத் தலைசுற்றலும் பயமும்தான் மிச்சம். ஆனால் "போதை, போதை" என்று எழுதுகிறவர்கள் ஒரு இரவு அந்த வார்டில் உட்கார்ந்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

#4 அளவுக்கரண்டி (பிட்ஸ்பர்க்)

நான் மருந்தாளுநர். இரவுப்பணி அக்கா சொல்வதை மறுக்கவில்லை. தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கையே பெரியவர்களின் நாட்பட்ட வலி, கீமோ வாந்தி, எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய்) நோயாளிகளின் தசை இறுக்கம் என்ற மூன்றுக்கும் நல்ல ஆதாரம் உண்டு என்கிறது. அந்த மூன்றையும் விட்டு வெளியே வந்தால் ஆதாரம் சட்டென்று மெலிந்துவிடும். ஆனால் கடை விளம்பரத்தில் தூக்கம், பதற்றம், சர்க்கரை, மூட்டு, முடி கொட்டுவது வரை எல்லாவற்றுக்கும் இதுதான். பேருந்து நிலையத்தில் லேகியம் விற்பவரின் பட்டியல்கூட இவ்வளவு நீளம் இருக்காது.

என் சண்டை "மருத்துவ" என்ற சொல்லோடுதான். மருந்து என்றால் அளவு வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை, வேறு எந்த மாத்திரையோடு சேரக்கூடாது. இதே செடியிலிருந்து சி.பி.டி. என்ற போதை தராத பொருளைப் பிரித்து எபிடியோலெக்ஸ் என்ற மருந்தைச் செய்தார்கள். இரண்டு அரிதான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு முறையாகச் சோதித்து, 2018 ஜூன் 25ல் மத்திய மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. ஓக்லஹோமா வாக்கெடுப்புக்கு முந்தின நாள்! அதற்கு எதிராக ஒரு கூட்டமும் கொடி பிடிக்கவில்லை. மருந்து மருந்தாக வந்தால் சண்டையே இல்லை.

ஒரு சம்பவம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கும் ஒரு மாமி, தூக்கத்துக்கு என்று சி.பி.டி. எண்ணெய் எடுக்க ஆரம்பித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை எண் ஏறிக்கொண்டே போனது. கீரை, முருங்கை சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாரா என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் மருமகள்தான் கைப்பையில் சின்ன பாட்டிலைப் பார்த்துச் சொன்னார். மாமி சொல்லாததற்குக் காரணம் வெட்கம். "கஞ்சா என்று எப்படி வாய்விட்டுச் சொல்வது தம்பி" என்றார்.

பென்சில்வேனியாவில் 2016ல் சட்டம் வந்தபோது நோய்ப் பட்டியல் போட்டார்கள், கடையில் மருத்துவரோ மருந்தாளுநரோ இருக்க வேண்டும் என்றார்கள். ஓக்லஹோமாவில் அதெல்லாம் இல்லை என்று கேள்வி.

#5 செம்மண்காரன்

கேள்வி சரிதான். அங்கேதான் சுவாரசியம்.

788ல் நோய்ப் பட்டியலே கிடையாது. மருத்துவர் பரிந்துரைத்தால் போதும். நூறு டாலர் கட்டினால் இரண்டு வருட அட்டை. வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், ஆறு நாற்றும் வைத்துக்கொள்ளலாம். அப்போது கடை போட 2,500 டாலர் உரிமக் கட்டணம், எத்தனை கடை என்று வரம்பு இருக்கவில்லை. வேறு சில மாநிலங்களில் உரிமம் கிடைக்கக் கோடிக்கணக்கில் பணமும் அரசியல் செல்வாக்கும் வேண்டும். இங்கே பழைய டயர்க்கடைக்காரர்கூடத் தொடங்கிவிட முடிந்தது.

வாக்கெடுப்பு முடிந்த இரண்டே வாரத்தில் மாநிலச் சுகாதார வாரியம் கூடி, புகைக்கும் கஞ்சா விற்கக்கூடாது, ஒவ்வொரு கடையிலும் மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்று அவசர விதி போட்டது. ஊரே கொதித்துவிட்டது. கஞ்சாவை ஆதரித்தவர்கள் கோபப்பட்டது செய்தியே இல்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் கோபப்பட்டார்கள்! "நாங்கள் தோற்றோம், சரி. ஆனால் ஓட்டுப் போட்டு முடிவான விஷயத்தை மாற்ற இவர்கள் யார்?" என்று. வாரியம் அதிகாரம் மீறிவிட்டது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே சொன்னார், விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். இதற்கு நடுவில் மாநிலச் சுகாதாரத் துறையின் சட்ட ஆலோசகர் தனக்குத்தானே மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டதாக வழக்கு வேறு. சீரியல்காரர்கள் தோற்றார்கள் போங்கள்.

ஆகவே அளவுக்கரண்டி அவர்களே, உங்கள் மருந்தாளுநர் யோசனை நல்ல யோசனைதான். அதைக் கொண்டுவந்த விதத்தால் இங்கே செத்தது.

#6 கூகிள்_பே_இல்லை (எட்மண்ட், ஓக்லஹோமா)

இரண்டு பிள்ளைகளின் அம்மாவாக எழுதுகிறேன். செம்மண்காரன் அண்ணா தாத்தாவையும் மிட்டாய் டப்பாவையும் காட்டி உருக வைத்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

ஒரு கட்டத்தில் மாநிலத்தில் 2,000க்கு மேல் கடை. 40 லட்சம் பேர் உள்ள மாநிலம், கலிஃபோர்னியாவைவிட அதிகக் கடை! ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் நோயாளி அட்டை. அத்தனை பேருக்கும் நோயா? என் அலுவலகப் பையன் ஒருவன் மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து வீடியோவில் டாக்டரைப் பார்த்து, சாண்ட்விச் முடிவதற்குள் பரிந்துரை வாங்கிவிட்டான். நோய் என்னவென்று கேட்டேன். "முதுகு" என்றான். சனிக்கிழமை எங்களோடு கிரிக்கெட்டில் முப்பது ஓவர் கீப்பிங் செய்கிற முதுகு.

அதையும் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது பண்ணைகளால்தான். உச்சத்தில் 8,000க்கு மேல் வளர்ப்பு உரிமம். இந்த மாநிலத்து நோயாளிகள் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் அவ்வளவையும் தீர்க்க முடியாது. மிச்சம் எங்கே போகும்? நியூயார்க் பக்கம், லாரி ஏறித்தான். உரிமையில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரர் பெயரில் இருக்க வேண்டும் என்று விதி. நமக்குத் தெரியாத வித்தையா, பினாமி! ஒரே ஆள் பெயரில் டஜன் கணக்கில் பண்ணை. கிராமத்துப் பக்கம் இருக்கும் தோழியின் மாமனார் மாடு வளர்க்கிறவர். பக்கத்து நிலத்தில் ஒரே மாதத்தில் பிளாஸ்டிக் கூடாரங்கள், இரவெல்லாம் விளக்கு, கேட்டில் துப்பாக்கியோடு ஆள். கோடையில் குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைந்துபோனது. அப்புறம் 2022 நவம்பரில் ஹென்னெஸி ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று மாதம் கழித்து 820 வாக்கெடுப்பு. வேறு என்ன முடிவு வரும் என்று எதிர்பார்த்தார்கள்?

2022 ஆகஸ்டிலேயே புது உரிமங்களை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன.

#7 செம்மண்காரன்

நீங்கள் சொன்னதுதான் தங்கச்சி நான் #1ல் சொல்ல வந்த இரண்டாவது கேள்வி. 2018ல் கேட்டது "தாத்தாவுக்கு மிட்டாய் கொடுக்கலாமா?" 2023ல் காதில் விழுந்தது "இன்னும் கொஞ்சம் பண்ணை வரட்டுமா?" ஆனால் அட்டையை ரத்து செய் என்று யாரும் ஊர்வலம் போகவில்லை, கவனித்தீர்களா? நோயாளி பகுதி அப்படியே இருக்கிறது.

#8 அளவுக்கரண்டி

ஒரு சின்ன குறுக்கீடு. #1ல் தாத்தா சொன்ன ஓபியாய்டு வாதம் அப்போது நாடு முழுக்க ஓடியது. 2014ல் வந்த ஆய்வில், மருத்துவக் கஞ்சா உள்ள மாநிலங்களில் ஓபியாய்டு சாவு விகிதம் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவு என்று வந்தது. அந்த ஆய்வின் கணக்கு 2010 வரைதான். அதே முறையில் வேறு ஆய்வாளர்கள் 2017 வரை நீட்டிப் பார்த்து 2019ல் வெளியிட்டபோது குறைவு காணாமல் போய், 23 விழுக்காடு அதிகம் என்று தலைகீழானது. அதற்காகக் கஞ்சா சாவைக் கூட்டியது என்று அர்த்தமில்லை, இரண்டுக்கும் நேர்த் தொடர்பே இல்லாமலிருக்கலாம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் 2014 எண் எல்லார் வாயிலும் இருக்கிறது, 2019 எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

#9 கொங்குத்தேன் (கோவை)

வெளியூர்க்காரன் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் இழையைப் படித்தால் வேறு கிரகம் மாதிரி இருக்கிறது. நம்மூரில் "கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்" என்பது ஒரு வசனம். அந்தப் பயத்தில் வளர்ந்த நம் ஆட்கள் அங்கே போய் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்? தமிழ்ச் சங்கத்தில் பேசுவீர்களா?

சும்மா ஒரு தகவல், 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே கஞ்சா என்பதற்கான விளக்கத்தில் பூமுனை இல்லாத இலையும் விதையும் வராது. வடக்கே பாங் (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) கடைகள் ஓடுவது அந்தச் சந்தில்தான்.

#10 கூகிள்_பே_இல்லை

சங்கத்திலா? பொங்கல் விழாவில் இதைப் பேசினால் அடுத்த வருடம் அழைப்பிதழ் வராது. எதிர்ப்பவர்களும் பேச மாட்டார்கள், அட்டை வைத்திருப்பவர்கள் சுத்தமாகப் பேச மாட்டார்கள். ஆனால் நாட்பட்ட வலியோடு இருக்கும் ஒரு பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு "அந்த எண்ணெய் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். எனக்கே தர்மசங்கடம்.

#11 கேட்டுப்பட்டவன் (நியூ ஜெர்சி)

அந்தப் பெரியம்மாவிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: கையில் என்ன விசா? இதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

நான் வக்கீல் இல்லை, பட்டவன். இங்கே பேசும் எல்லாம் மாநிலச் சட்டம். குடியேற்றம் மத்தியச் சட்டம். அங்கே கஞ்சாவை 1970லேயே முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள போதைப்பொருள்களில், சேர்த்துவிட்டார்கள். மாநிலம் கொடுத்த அட்டை, டாக்டர் சீட்டு, ரசீது எதுவும் அங்கே செல்லாது. செல்லாதது மட்டுமில்லை, நீங்களே கொடுத்த சாட்சியாகவும் ஆகலாம். போலீஸ் வழக்குகூட வேண்டாம், அதிகாரி கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டாலே போதும். மாநிலத்தில் சட்டப்படியே இருந்தாலும் குடியுரிமைக்கான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே போட்டுவிட்டது. கஞ்சாக் கடையில் கணக்கு எழுதும் வேலைகூடச் சிக்கல்தான், கையால் தொட வேண்டியதில்லை.

எனக்கு நடந்தது: கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் போதைப்பொருள் கேள்வி. தூக்கத்துக்கு அட்டை எடுத்து நான்கு மாதம் பயன்படுத்தியிருந்தேன். மறைத்தால் பொய் சொன்ன குற்றம், சொன்னால் இந்தக் குற்றம். சொன்னேன். கோப்பு ஒரு வருடத்துக்கு மேல் நகரவில்லை. அந்த ஒரு வருடத்தில் வக்கீலுக்கு அழுததில் ஊரில் ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கலாம். அந்த வருடம் பூராவும் தூக்கம் எப்படி வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#12 இரவுப்பணி

ஐயோ. இதை எங்கள் மருத்துவமனையில் யாரும் நோயாளிகளிடம் சொல்வதாகத் தெரியவில்லை. கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற மத்திய நீதித்துறை 2024 மே மாதம் முன்மொழிந்ததே, அது வந்தால் சரியாகிவிடுமா?

#13 கேட்டுப்பட்டவன்

என் வக்கீலிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் அக்கா. குடியேற்றச் சட்டத்தில் எந்தப் பட்டியல் என்று பேச்சில்லை, கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்றிருந்தால் போதும். மூன்றாம் பட்டியலும் அதில் வரும். கடைக்காரர்களுக்கு வருமான வரியில் பெரிய நிம்மதி கிடைக்கும், நமக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்.

#14 செம்மண்காரன்

குடிமக்களுக்கும் இந்த முரண் உண்டு. எங்கள் தாத்தா வேட்டைக்காரர். துப்பாக்கி வாங்கும் மத்தியப் படிவத்தில் "மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா மத்தியச் சட்டப்படி குற்றமே" என்று கேள்விக்குக் கீழேயே எச்சரிக்கை இருக்கிறது. அட்டை எடுத்தபின் புதுத் துப்பாக்கி வாங்கப் போகாமல் நின்றுவிட்டார். 788ல் அட்டை இருக்கிறது என்பதற்காகத் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை மாநிலம் பறிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். மாநிலம் பறிக்கவில்லைதான்.

#15 மிசிசிப்பி மைனர் (ஜாக்சன்)

ஓட்டை யாராவது மாற்றினால் ஊர் கொதிக்கும் என்றீர்களே (#5), எங்கள் கதையைக் கேளுங்கள். 2020 நவம்பரில் மருத்துவக் கஞ்சாவை மக்கள் பெரும்பான்மையில் ஜெயிக்க வைத்தார்கள். 2021 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. காரணம் கஞ்சா இல்லை, கையெழுத்து! மனுவுக்கு ஐந்து நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் கையெழுத்து வேண்டும் என்று விதி. மிசிசிப்பிக்கு 2000 கணக்கெடுப்புக்குப் பிறகு நான்கு தொகுதிதான். இல்லாத தொகுதிக்குப் போய் யாரிடம் கையெழுத்து வாங்குவது? கஞ்சா எதிர்ப்பாளர்களே "இது என்ன அநியாயம்" என்றார்கள், ஏனென்றால் மக்கள் மனுக் கொடுத்து வாக்கெடுப்பு கேட்கும் வழியே அதோடு அடைபட்டுப் போனது. கடைசியில் சட்டமன்றமே 2022 பிப்ரவரியில் சட்டம் போட்டது. கஞ்சா வந்துவிட்டது, அந்த வழிதான் இன்னும் திறக்கவில்லை.

#16 ஆற்றுக்கு அந்தப் பக்கம்

சரி, கிண்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு உண்மையான சந்தேகம். மாதம் ஒருமுறை நண்பர்களோடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேசினோவுக்கு வருவோம். வழியெல்லாம் பச்சைச் சிலுவை போட்ட கடைகள். கூட வரும் ஒருவர் மனைவியின் ஒற்றைத் தலைவலிக்கு அட்டை வைத்திருக்கும் யாரிடமாவது சொல்லி எண்ணெய் வாங்கிப் போகலாம் என்கிறார். டெக்சாஸில் பிடித்தால் அபராதத்தோடு போய்விடும்தானே?

#17 கேட்டுப்பட்டவன்

போகாது. டெக்சாஸில் தழை வேறு, டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) எண்ணெய் வேறு. எண்ணெய், மிட்டாய் வகையறா ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலே பெருங்குற்றம், 180 நாளிலிருந்து இரண்டு வருடம் வரை. வாங்கிக் கொடுக்கிறவரும் ஓக்லஹோமாவில் மாட்டுவார். அந்த நண்பர் என்ன விசா?

#18 ஆற்றுக்கு அந்தப் பக்கம்

எச்1பி. 2012ல் போட்ட கிரீன் கார்டு இன்னும் வரிசையில்.

#19 கேட்டுப்பட்டவன்

பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாத வரிசை. அவரை முதலில் என்னோடு பேசச் சொல்லுங்கள், தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.

#20 அளவுக்கரண்டி

அந்த அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலிக்கு இதுவரை என்னென்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சமீபத்தில் வந்த நல்ல மருந்துகள் இருக்கின்றன, பாதிப் பேருக்கு டாக்டர் எழுதியே கொடுப்பதில்லை.